‘மோர் அன்ஸ்டேபிள்’ஆ, ‘லெஸ் ஸ்டேபிள்’ஆ? ஆங்கில எழுத்தில் நிலையின்மையை ஒப்பிடுவது பற்றிச் சில கேள்விகள்

ஆங்கிலத்தில் ஆய்வேடு, அலுவலக அறிக்கை, தேர்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒரு பொருளோ, அரசோ, சந்தையோ இன்னொன்றைவிட ஆட்டம் கண்டிருக்கிறது என்று சொல்லும் இடத்தில் வரும் ஒப்பீட்டுப் பெயரடைகள் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன். ஆங்கில உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

‘அன்ஸ்டேபிள்’ என்பதோடு இ, ஆர் சேர்த்து ‘அன்ஸ்டேப்லர்’ என்று எழுதலாமா?

வேண்டாம். ‘மோர் அன்ஸ்டேபிள்’ என்றே எழுதுங்கள். ஓரசைச் சொற்களுக்கு இ, ஆர் சேரும். மூன்று அசையோ அதற்கு மேலோ இருந்தால் முன்னால் ‘மோர்’ வரும். இரண்டு அசைச் சொற்கள்தான் இரண்டு பக்கமும் சாயும். ‘ஸ்டேபிள்’ அந்த வகை. ‘ஸ்டேப்லர்’ என்ற வடிவத்தை அகராதிகள் ஏற்றுக்கொள்கின்றன, ஆனால் அச்சில் வருவதெல்லாம் பெரும்பாலும் ‘மோர் ஸ்டேபிள்’தான். அதோடு, ‘ஸ்டேப்லர்’ என்று வாசிக்கும்போது காகிதங்களைச் சேர்த்து ‘பின்’ அடிக்கும் கருவிதான் ஞாபகம் வருகிறது.

அப்படியானால் இ, ஆர் சேர்த்தே எழுதக்கூடிய சொற்கள் எவை?

வொய் எழுத்தில் முடியும் ஈரசைச் சொற்கள். நல்லவேளையாக, ஆட்டத்தையும் தடுமாற்றத்தையும் சொல்லும் அன்றாட ஆங்கிலச் சொற்களில் நிறைய இந்த வகைதான்: ஷேக்கி, வாப்ளி, ராக்கி, சாப்பி, ஜம்ப்பி, ஃப்ளிம்ஸி. இவை ஷேக்கியர், வாப்ளியர், ராக்கியர் என்று மாறும். எழுதும்போது கடைசி வொய் போய் ஐ வரவேண்டும்.

‘அன்’ என்ற முன்னொட்டு வந்தால் மட்டும் விதி கொஞ்சம் நெகிழும். ‘ஸ்டெடி’க்கு ‘ஸ்டெடியர்’ சரி என்பதால், மூன்று அசை ஆகிவிட்டாலும் ‘அன்ஸ்டெடியர்’ என்பதும் சரிதான். அதே வழியில் ‘அன்ஸ்டேப்லர்’ ஏன் வரவில்லை என்றால், அடிச்சொல்லான ‘ஸ்டேப்லர்’ முதலிலேயே அரிதாகத்தான் புழங்குகிறது.

‘லூஸ்’ என்பதன் ஒப்பீட்டு வடிவத்தில் இரண்டு ஓ போட மறக்காதீர்கள். ஒரு ஓ விட்டுப்போனால் ‘தோற்றவன்’ என்று பொருள் தரும் சொல்லாகிவிடும். பிழை திருத்தும் மென்பொருள் பல நேரம் இதைக் கண்டுகொள்ளாது, ஏனென்றால் அதுவும் சரியான ஆங்கிலச் சொல்தான்.

‘மோர் ஷேக்கியர்’ என்று அழுத்திச் சொல்வது தப்பா?

இன்றைய எழுத்தில் தப்பு. ஷேக்ஸ்பியர் காலத்தில் இப்படி இரட்டை ஒப்பீடு புழக்கத்தில் இருந்தது, அவரே எழுதியிருக்கிறார். இப்போது எழுதினால் திருத்துகிறவர் சிவப்பு மையை எடுத்துவிடுவார். அழுத்தம் வேண்டுமென்றால் ‘மச் ஷேக்கியர்’, ‘ஃபார் ஷேக்கியர்’ என்று எழுதலாம்.

‘மோர் அன்ஸ்டேபிள்’, ‘லெஸ் ஸ்டேபிள்’ இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

‘ஏ இஸ் மோர் அன்ஸ்டேபிள் தேன் பி’ என்று எழுதினால், வாசிக்கிறவர் இரண்டுமே நிலையற்றவை, அதில் ஏ இன்னும் மோசம் என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘ஏ இஸ் லெஸ் ஸ்டேபிள் தேன் பி’ என்பதில் அந்தக் குற்றச்சாட்டு இல்லை. இரண்டுமே உறுதியாக இருக்கலாம், ஏ-யின் உறுதி சற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

வைரமும் கிராஃபைட்டும் இதற்கு நல்ல உதாரணம். இரண்டும் கரிமம். அறை வெப்பநிலையில், சாதாரணக் காற்றழுத்தத்தில் ஆற்றல் குறைவாக இருப்பது கிராஃபைட்தான். வித்தியாசம் மோலுக்கு ஏறக்குறைய 3 கிலோஜூல். ஆகவே வேதியியலில் வைரம் கிராஃபைட்டைவிட ‘லெஸ் ஸ்டேபிள்’. இதையே ‘மோர் அன்ஸ்டேபிள்’ என்று எழுதிப் பாருங்கள். விரலில் இருக்கும் மோதிரம் நாளைக்குக் கரித்தூளாகிவிடும் என்பதுபோல் இருக்கிறது. அப்படி ஆகாது. வைரம் கிராஃபைட்டாக மாறுவதற்குத் தாண்டவேண்டிய தடை மிக உயரம். அதனால்தான் இந்த நிலைக்கு ‘மெட்டாஸ்டேபிள்’ என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

கதிரியக்கத்திலும் இதே கதை. யுரேனியம்-238இன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறக்குறைய 447 கோடி ஆண்டுகள். யுரேனியம்-235க்கு ஏறக்குறைய 70 கோடி ஆண்டுகள். இந்த இரண்டையும் ஒப்பிடும்போது 235ஐ ‘லெஸ் ஸ்டேபிள்’ என்பதுதான் காதுக்குப் பொருந்துகிறது. எழுபது கோடி ஆண்டு தாங்குவதை ‘மோர் அன்ஸ்டேபிள்’ என்றால் என்னவோ போல இருக்கிறது. ஆனால் ரேடான்-222இன் அரை ஆயுள் 3.8 நாள்தான், பொலோனியம்-214க்கு ஒரு மில்லிசெகண்டுகூடக் கிடையாது. இவற்றை ஒப்பிடும் இடத்தில் பொலோனியத்தைத் தாராளமாக ‘மோர் அன்ஸ்டேபிள்’ என்று எழுதலாம். இரண்டும் நில்லாதவை என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

எது பொருந்தும் என்று தெரியாதபோது ‘லெஸ் ஸ்டேபிள்’ பக்கம் போங்கள். உங்களால் நிரூபிக்க முடிந்ததைவிட அதிகமாக அது எதையும் சொல்லாது.

ஷேக்கி, வாப்ளி, வாலடைல், பிரிகேரியஸ் எல்லாமே ‘நிலையற்ற’ என்றுதான் அகராதி சொல்கிறது. எதை எங்கே போடுவது?

எது ஆடுகிறது, எப்படி ஆடுகிறது என்று முதலில் பாருங்கள்.

ஒரு முக்காலியையும் ஒரு நாற்காலியையும் மேடுபள்ளமான தரையில் போடுங்கள். முக்காலி ஆடாது, அதன் மூன்று காலும் எப்படியும் தரையைத் தொட்டுவிடும். நாற்காலிக்கு ஒரு கால் தூக்கிக்கொண்டு நிற்கும், ஆடும். ஆனால் ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் முதலில் கவிழ்வது முக்காலிதான். ஆக, நாற்காலி ‘வாப்ளியர்’, முக்காலி ‘லெஸ் ஸ்டேபிள்’. ஒரே அறையில், ஒரே தரையில், இரண்டு ஒப்பீடும் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

பாலங்களிலும் இந்த வித்தியாசம் தெரியும். லண்டனில் தேம்ஸ் நதியின் மேல் மில்லேனியம் நடைபாலத்தை 2000 ஜூன் 10 அன்று திறந்தார்கள். மக்கள் நடந்த நடையில் பாலம் பக்கவாட்டில் ஊசலாட ஆரம்பித்தது. இரண்டு நாளில் மூடி, அதிர்வைத் தணிக்கும் கருவிகளைப் பொருத்தி, 2002 பிப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். லண்டன்காரர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயரில் இருப்பது ‘வாப்ளி’ என்ற சொல். பாலம் இடிந்து விழப்போகிறது என்பதல்ல அங்கே பிரச்சினை. எதிர்பார்த்ததைவிட அது ‘வாப்ளியர்’. அமெரிக்காவின் டகோமா நேரோஸ் பாலம் வேறு ரகம். 1940 ஜூலையில் திறந்த அது, அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, மணிக்கு ஏறக்குறைய 64 கிலோமீட்டர் காற்றில் முறுக்கிக்கொண்டு ஆடி அறுந்து விழுந்தது. ஆட்டம் தானே தன்னை வளர்த்துக்கொண்டே போனால் அதற்குச் சரியான சொல் ‘அன்ஸ்டேபிள்’.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘வாலடைல்’ விலைக்கும், சந்தைக்கும், சட்டென்று மூளக்கூடிய சூழலுக்கும் பொருந்தும். ‘பிரிகேரியஸ்’ என்றால் இன்னும் விழவில்லை, ஆனால் பிடிமானம் போதாது. வேலை, வருமானம், கூட்டணி ஆட்சி எல்லாம் இதில் அடங்கும். ‘ஃப்ராஜைல்’ என்பது தட்டினால் உடையக்கூடியது, அது ஆடிக்கொண்டிருக்கவேண்டும் என்பதில்லை. ‘எர்ராட்டிக்’ ஒழுங்கில்லாத போக்குக்கு: மழை, இதயத்துடிப்பு, மின்சப்ளை. ‘ஷேக்கி’ கொஞ்சம் பேச்சுவாடை அடிக்கும். செய்திக் கட்டுரைக்கு நன்றாக இருக்கும், ஆய்வேட்டில் ‘ஷேக்கியர் எவிடன்ஸ்’ என்று எழுதினால் வழிகாட்டி முகம் சுளிக்கலாம்.

‘வெரி மோர் அன்ஸ்டேபிள்’ என்று பலரும் எழுதுகிறார்கள். சரியா?

சரியல்ல. ஒப்பீட்டு வடிவத்துக்கு முன்னால் ‘வெரி’ வராது. ‘மச்’, ‘ஃபார்’, ‘கன்சிடரப்லி’ வரும். குறைவாகச் சொல்ல ‘ஸ்லைட்லி’, ‘மார்ஜினலி’.

இவற்றில் எதைப் போடுவது என்பதை உங்கள் கையில் இருக்கும் எண்தான் முடிவு செய்யவேண்டும். அமெரிக்கப் பங்குச் சந்தையில் அடுத்த 30 நாளுக்கு எவ்வளவு ஏற்ற இறக்கம் எதிர்பார்க்கப்படுகிறது என்று காட்டும் விக்ஸ் குறியீடு, 2008 நவம்பர் 20 அன்று 80.86இல் முடிந்தது. 2020 மார்ச் 16 அன்று 82.69. இந்த இரண்டு நாளை வைத்துக்கொண்டு 2020இல் சந்தை ‘ஃபார் மோர் வாலடைல்’ என்று எழுதினால் அது மிகை. எண்கள் தாங்குவது ‘ஸ்லைட்லி’யை மட்டும்தான். அதுகூட எதிர்பார்க்கப்பட்ட ஏற்ற இறக்கத்தைப் பற்றியது, நடந்து முடிந்ததைப் பற்றி அல்ல.

‘டுவைஸ் ஆஸ் அன்ஸ்டேபிள்’ என்று சொல்லலாமா?

இலக்கணம் தடுக்காது, அறிவு தடுக்கும். இருமடங்கு என்றால் எதில்? நிலையின்மைக்கு அளவுகோல் ஒன்று இருந்து, அதில் பூஜ்யமும் இருந்தால்தான் மடங்கு கணக்கு ஓடும். ‘இதன் அரை ஆயுள் அதில் பாதி’, ‘விலையின் திட்ட விலக்கம் இருமடங்கு’ என்று அளந்ததை எழுதிவிடுங்கள். ‘த்ரீ டைம்ஸ் லெஸ் ஸ்டேபிள்’ இன்னும் மோசம். அதைப் படித்து மூன்று பேர் மூன்று கணக்குப் போடுவார்கள்.

‘தேன்’ போட்டபிறகும் வாக்கியத்தில் ஏதோ இடிக்கிறது. எங்கே தவறு நடக்கிறது?

பெரும்பாலும் மூன்று இடங்களில்.

முதலாவது நம் ஊர்ப் பழக்கம். தமிழில் பெயரடை மாறுவதே இல்லை. ‘அதைவிட இது நிலையற்றது’ என்று ‘விட’ ஒன்றே எல்லா வேலையையும் செய்துவிடுகிறது. அந்த ஓட்டத்தில் ‘திஸ் இஸ் அன்ஸ்டேபிள் தேன் தட்’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ‘மோர்’, ‘லெஸ்’ அல்லது இ, ஆர் வடிவம் இல்லாமல் இந்த ‘தேன்’ நிற்காது.

இரண்டாவது, ஒப்பிடக்கூடாததை ஒப்பிடுவது. ‘நான்காம் குடியரசின் அரசாங்கங்கள் ஐந்தாம் குடியரசைவிட நிலையற்றவை’ என்று பிரான்ஸ் பற்றி எழுதினால், தமிழில் வாசகர் இட்டு நிரப்பிக்கொள்வார். ஆங்கிலத்தில் அது அரசாங்கங்களை ஒரு குடியரசோடு ஒப்பிட்டதாகிவிடும். ‘தி கவர்ன்மெண்ட்ஸ் ஆஃப் தி ஃபோர்த் ரிபப்ளிக் வேர் லெஸ் ஸ்டேபிள் தேன் தோஸ் ஆஃப் தி ஃபிஃப்த்’ என்று ‘தோஸ் ஆஃப்’ சேர்க்கவேண்டும். 1946 முதல் 1958 வரை அந்த நான்காம் குடியரசு இருபதுக்கும் மேற்பட்ட அரசாங்கங்களைப் பார்த்தது. அதனால் இங்கே ‘மோர் அன்ஸ்டேபிள்’ என்றாலும் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அது ஐந்தாம் குடியரசுக்கும் ஒரு குட்டு வைக்கிறது என்பதைத் தெரிந்து வையுங்கள்.

மூன்றாவது, ‘அதர்’ விட்டுப்போவது. இலங்கை ரூபாயை ‘ஆசியாவின் எந்த நாணயத்தையும்விட’ என்று ஒப்பிட்டால், அதுவும் ஆசிய நாணயம்தானே? ‘எனி அதர் கரன்சி இன் ஏஷியா’ என்று எழுதவேண்டும்.

‘தேன்’ இல்லாமலே ஒப்பீடு எழுதலாமா?

எழுதலாம், எதோடு ஒப்பிடுகிறோம் என்பது முந்தைய வாக்கியத்தில் தெளிவாக இருந்தால். இல்லையென்றால் அது விளம்பர மொழி. ‘ரிலேட்டிவ்லி அன்ஸ்டேபிள்’ என்ற சொற்றொடர் எனக்குச் சுத்தமாகப் பிடிப்பதில்லை. எதற்கு ரிலேட்டிவ் என்று கேட்டால், எழுதியவர்கள் பலரிடமும் பதில் இருப்பதில்லை.

காலப்போக்கில் மோசமாவதைச் சொல்ல ‘மோர் அண்ட் மோர் அன்ஸ்டேபிள்’ என்பது பேச்சில் சரி. எழுத்தில் ‘இன்க்ரீசிங்லி அன்ஸ்டேபிள்’ கச்சிதம். இரண்டையும் கலந்து ‘இன்க்ரீசிங்லி மோர் அன்ஸ்டேபிள்’ என்று எழுதவேண்டாம், ஒரே விஷயத்தை இருமுறை சொன்னதாகும்.

‘வீ நீட் மோர் ஸ்டேபிள் கவர்ன்மெண்ட்ஸ்’ என்றால் என்ன பொருள்?

இரண்டு பொருள். நிலையான அரசுகள் இன்னும் அதிக எண்ணிக்கையில் வேண்டும் என்பது ஒன்று. இருக்கிற அரசுகள் இன்னும் உறுதியாக வேண்டும் என்பது இன்னொன்று. பேசும்போது குரலின் அழுத்தம் காப்பாற்றிவிடும், தாளில் அந்த வசதி இல்லை. எண்ணிக்கை என்றால் ‘எ லார்ஜர் நம்பர் ஆஃப்’ என்று மாற்றுங்கள். தன்மை என்றால் ‘கவர்ன்மெண்ட்ஸ் தட் ஆர் மோர் ஸ்டேபிள்’ என்று பெயரடையைப் பின்னால் தள்ளுங்கள். ‘மோர் அன்ஸ்டேபிள் ரீஜன்ஸ்’, ‘மோர் வாலடைல் ஸ்டாக்ஸ்’ என்று பன்மைப் பெயருக்கு முன்னால் வரும் இடமெல்லாம் இந்தக் குழி இருக்கிறது. ஒருமையில் வந்தால் ‘எ மோர் ஸ்டேபிள் கவர்ன்மெண்ட்’ என்று ‘எ’ முன்னால் நின்று காப்பாற்றிவிடும்.

‘அன்ஸ்டேபிள்’ என்ற சொல்லையே ஒப்பிடக்கூடாத இடம் உண்டா?

உண்டு. அது தரத்தைச் சொல்லாமல் வகையைச் சொல்லும் இடம். மருத்துவத்தில் ‘அன்ஸ்டேபிள் ஆஞ்ஜைனா’ என்பது ஒரு நோயின் பெயர். உழைக்கும்போது மட்டும் வந்து, ஓய்வெடுத்தால் போகும் நெஞ்சுவலி ‘ஸ்டேபிள் ஆஞ்ஜைனா’. ஓய்விலும் வருவது, புதிதாகத் தொடங்கிக் கடுமையாவது ‘அன்ஸ்டேபிள்’. ‘மோர் அன்ஸ்டேபிள் ஆஞ்ஜைனா’ என்று நோய்க்குறிப்பில் எழுத முடியாது. வலி அடிக்கடி வருகிறது, அதிக நேரம் நீடிக்கிறது என்றுதான் எழுதவேண்டும். இயற்பியலில் ‘அன்ஸ்டேபிள் ஈக்விலிப்ரியம்’ என்பதும் இப்படித்தான்.

இங்கேயே இன்னொன்று. மருத்துவமனை அறிக்கைகளில் வரும் ‘கிரிட்டிகல் பட் ஸ்டேபிள்’ பலரைக் குழப்புகிறது. இதில் ‘ஸ்டேபிள்’ என்றால் நன்றாக இருக்கிறார் என்று பொருளல்ல. ஆபத்தான நிலையில்தான் இருக்கிறார், அந்த நிலை இப்போதைக்கு மாறவில்லை. அதனால் ‘மோர் ஸ்டேபிள் டுடே’ என்று படித்தால், குணமாகிறார் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

நாடுகளையும் மனிதர்களையும் பற்றி எழுதும்போது?

நாடுகளுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஃபண்ட் ஃபார் பீஸ் என்ற அமைப்பு 2005 முதல் நாடுகளை வரிசைப்படுத்தி ஒரு குறியீடு வெளியிடுகிறது. முதலில் அதன் பெயரில் ‘ஃபெயில்ட்’ என்ற சொல் இருந்தது. 2014இல் அதை எடுத்துவிட்டு ‘ஃப்ராஜைல் ஸ்டேட்ஸ் இண்டெக்ஸ்’ என்று மாற்றினார்கள். மரியாதை ஒரு பக்கம் இருக்கட்டும், இலக்கணப்படி பார்த்தாலே புதிய பெயர்தான் பொருத்தம். ‘தோற்றுப்போன’ என்பதில் படிநிலை இல்லை, தோற்றாயிற்று அல்லது தோற்கவில்லை. ‘ஃப்ராஜைல்’ என்பதில் கூட, குறைய உண்டு. தரவரிசைக்குத் தேவை அதுதான்.

மனிதரைப் பற்றி ‘மோர் அன்ஸ்டேபிள்’ என்று எழுதவே எழுதாதீர்கள். ஆங்கிலத்தில் அது மனநிலை மீது வைக்கும் முத்திரை. பரிந்துரைக் கடிதத்திலோ விசாரணை அறிக்கையிலோ அப்படி ஒரு வரி ஒருவரின் வேலையைப் பறிக்கும். என்ன நடந்தது என்று எழுதுங்கள்: கூட்டத்திலிருந்து எழுந்து போனார், இரண்டு வாரம் வரவில்லை. பெயரடையே தேவைப்படாது.

இரண்டில் ஒன்றைக் குறிப்பிட ‘தி மோஸ்ட் அன்ஸ்டேபிள்’ என்று எழுதலாமா?

இரண்டு மட்டும் இருந்தால் ‘தி மோர் அன்ஸ்டேபிள் ஆஃப் தி டூ’. மூன்று வந்தபிறகுதான் ‘மோஸ்ட்’. பேச்சில் யாரும் இதைப் பார்ப்பதில்லை, அச்சில் பார்ப்பார்கள்.

ஒன்று ஏற ஏற இன்னொன்றும் மாறுவதை எப்படி எழுதுவது?

இரண்டு பக்கமும் ‘தி’ போட்டு. ‘தி ஹையர் தி சென்டர் ஆஃப் கிராவிட்டி, தி லெஸ் ஸ்டேபிள் தி வெஹிக்கிள்’. சரக்கை உயரமாக அடுக்கிய லாரி ஏன் வளைவில் கவிழ்கிறது என்பதை இந்த ஒரு வரி சொல்லிவிடும். நடுவில் காற்புள்ளி போதும், ‘தென்’ என்றோ ‘சோ’ என்றோ எதையும் சேர்க்கவேண்டாம்.

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் முதல் கட்டுரையில் வரைபடத்தை விவரிக்க இதெல்லாம் உதவுமா?

உதவும், ஆனால் அளவோடு. கல்விப் பிரிவுத் தேர்வில் அதற்கு 150 சொற்களாவது எழுதவேண்டும், 20 நிமிடம் ஒதுக்கச் சொல்வார்கள். அதற்குள் ‘மோர் அன்ஸ்டேபிள்’ஐ நான்கு முறை எழுதினால் சொல்வளத்துக்கு மதிப்பெண் குறையும். வரைபடக் கோட்டுக்கு ‘அன்ஸ்டேபிள்’ அவ்வளவாகப் பொருந்தவும் பொருந்தாது. கோடு ஏறி இறங்குகிறது என்றால் வினைச்சொல்லைப் பிடியுங்கள்: ‘ஃப்ளக்சுவேட்டட் மோர் வைட்லி’, ‘ஸ்விங் மோர் ஷார்ப்லி’. ஒப்பீடு அப்படியே இருக்கும், சுமை பெயரடையிலிருந்து வினையடைக்குப் போய்விடும்.

ஒரு வாக்கியத்தைத் திருத்தியே காட்டிவிடுகிறேன். மாணவர் எழுதக்கூடியது: ‘ஆயில் பிரைசஸ் இன் 2020 வேர் வெரி மோர் அன்ஸ்டேபிள் தேன் 2019’. ‘வெரி’யை எடுத்து ‘ஃபார்’ போடுவோம். விலை என்பதால் ‘அன்ஸ்டேபிள்’ போய் ‘வாலடைல்’ வரட்டும். விலைகளை ஓர் ஆண்டோடு ஒப்பிட முடியாது என்பதால் ‘தேன்’ பக்கத்தில் ‘இன்’ சேர்ப்போம். ‘ஆயில் பிரைசஸ் வேர் ஃபார் மோர் வாலடைல் இன் 2020 தேன் இன் 2019’. ‘ஃபார்’ என்பதற்கு ஆதாரம் கேட்டால் அடுத்த வரியிலேயே கொடுங்கள்: 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம், பீப்பாய்க்கு பூஜ்யத்துக்கும் கீழே 37.63 டாலரில் முடிந்தது.